ஊற்றிவிட வேண்டிய தண்ணீர்

மார்கழி, தை மாதங்களில் யாழ்ப்பாணத்தின் இரவு வெப்பநிலை 22, 23 பாகை செல்சியஸ் அளவுக்கு இறங்கும். பனி பெய்யும் நாட்டவர் இதைக் குளிர் என்றே சொல்லமாட்டார். ஆனால் எழுவைதீவு நாற்புறமும் கடல் சூழ்ந்த சின்னஞ்சிறு நிலம். அங்கே நனைந்த உடம்போடு வாடைக்காற்றில் நிற்பவருக்கு வெப்பமானி காட்டும் எண் பெரிதாக உதவாது. தோலில் இருக்கும் ஒரு கிராம் நீர் ஆவியாகப் போகும்போது சுமார் 2,400 யூல் வெப்பத்தை உடம்பிலிருந்து எடுத்துக்கொண்டு போகிறது. காற்று வேகமாக வீசினால் இந்த இழப்பும் வேகமாக நடக்கும். யாழ்ப்பாணத்தின் ஆண்டு மழையில் பெரும்பகுதி ஐப்பசிக்கும் மார்கழிக்கும் இடையில் கொட்டித் தீர்ந்துவிடுவதால் மாரி முழுவதும் ஈரமும் காற்றும் சேர்ந்தே இருக்கும். ஊர்காவற்றுறைக்கும் எழுவைதீவுக்கும் இடையே ஓடும் படகு கடல் கொந்தளிப்பால் தடைப்படும் காலமும் இதுதான். கடைச்சாமான் வராத நாளில் வீட்டில் இருப்பதைக்கொண்டு சமைக்க வேண்டும்.

அப்படியான மாலைக்குத் தீவக மக்கள் வைத்திருக்கும் விடை ஒடியற் கூழ். பெரிய பானையில் மீன்தலை, நண்டு, இறால், கணவாய், பயிற்றங்காய், பலாக்கொட்டை, மரவள்ளிக்கிழங்கு, முருங்கையிலை, ஒரு பிடி அரிசி எல்லாம் அவியும். கடைசியில் ஒடியல் மா கரைத்து ஊற்றப்படும். பலாவிலையைக் கோலி, ஈர்க்குக் குத்தி, அதில் வார்த்துச் சுடச்சுடக் குடிப்பார்கள். கூடவே கடிக்கத் தேங்காய்ச் சொட்டு.

இந்த அத்தியாயத்தில் நான் பேச நினைப்பது பானைக்குள் போகும் நண்டையும் இறாலையும் பற்றி அன்று. அவற்றைப் பற்றிப் பேச ஆயிரம் பேர் இருக்கிறார்கள். அடுப்பு மூட்டுவதற்கு முன்பே, மாவை ஊறவைத்து மேலே தெளியும் தண்ணீரை ஊற்றிவிடும் அந்தச் சிறு வேலையைப் பற்றித்தான் எழுத விரும்புகிறேன். கூழின் முழு அறிவியலிலும் முதன்மையானது அதுவே என்பது என் எண்ணம்.

முதலில் மா எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். எழுவைதீவில் ஆறு இல்லை. சுண்ணக்கற் பாறைமேல் மெல்லிய மண். மழைநீர் பாறையின் வெடிப்புகள் வழியே இறங்கி, அடியில் உள்ள உவர்நீரின்மேல் மிதக்கும் நன்னீர்ப் படலமாகத் தங்குகிறது. நெல்லை மட்டும் நம்பி வாழ இந்த நிலம் இடம் கொடாது. பனை இடம் கொடுக்கிறது. பனை எப்படி மாவைச் சேமிக்கிறது என்பது தாவரவியலில் நான் படித்தவற்றுள் மிக அழகான செய்திகளில் ஒன்று.

நுங்கு இளமையில் வழுவழுப்பாக இருக்கும். அதில் இருப்பது நாம் சோற்றில் உண்ணும் மாச்சத்து அன்று. மன்னோசு என்ற சர்க்கரை அலகுகள் கோத்த வேறொரு நெடுஞ்சங்கிலி அது. பழம் முற்ற முற்ற அந்தச் சங்கிலிகள் நெருங்கி இறுகி, நுங்கு கல்லுப்போல் ஆகிவிடும். மனிதப் பல்லுக்கோ குடலுக்கோ அது உதவாது. ஆவணி, புரட்டாதியில் விழும் பனம்பழத்தின் விதையைப் பாத்தியில் அடுக்கி மண் மூடிவிட்டால், விதைக்குள் பூரான் வளரத் தொடங்குகிறது. பிள்ளைகள் விதையைப் பிளந்து ஆசையாகத் தின்னும் அந்தப் பஞ்சு போன்ற பூரான்தான் நாற்றின் உறிஞ்சும் உறுப்பு. அது விதைக்குள்ளே பரவி, நொதியங்களின் துணையோடு கல்லுப்போன்ற உணவைக் கரைத்துச் சர்க்கரையாக்குகிறது. அந்தச் சர்க்கரை கீழே இறங்குகிறது.

கீழே என்றால் உண்மையிலேயே கீழே. பெரும்பாலான விதைகளில் முளை விதைக்கு அருகிலேயே செடியாகும். பனையில் அப்படி நடப்பதில்லை. விதையிலிருந்து குழாய் போன்ற ஒரு தண்டு புறப்பட்டு, கருவைத் தன் நுனியில் சுமந்தபடி மண்ணுக்குள் இறங்குகிறது. கோடையில் மேல்மண் வறண்டு சுடும் நிலங்களில் தன் குருத்தை ஆழத்தில் மறைத்து வைக்கும் உத்தி இது. மேலிருந்து வரும் சர்க்கரையை அந்த ஆழத்தில் நாற்று மாச்சத்தாக மாற்றிச் சேமிக்கிறது. நாம் கிழங்கு என்று தோண்டி எடுப்பது அந்தச் சேமிப்பைத்தான். அது வேரும் அன்று, மரவள்ளி போன்ற வேர்க்கிழங்கும் அன்று. இளநாற்றின் முதல் இலைப் பகுதி தடித்து உண்டானது. இன்னும் சில மாதம் விட்டுவைத்தால் அந்த மாவைத் தின்று நாற்று வடலியாக எழுந்துவிடும். அதற்கு முன்னே, மாரி ஓயும் நாள்களில், கிழங்கைத் தோண்டிவிட வேண்டும்.

தோண்டிய கிழங்கை அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல். அவிக்காமல் தோலுரித்து இரண்டாகக் கிழித்துக் காயவைத்தால் ஒடியல். மாசி, பங்குனி வெயிலில் அது விறகுபோல் காய்ந்து, ஒடித்தால் சட்டென்று முறியும். நீர் போனபின் பூஞ்சணமும் பற்றீரியாவும் வளர வழியில்லை. அதனால் அடுத்த மாரி வரை ஒடியல் கெடாமல் இருக்கும். கார்த்திகை மழையில் குடிக்கும் கூழ் பங்குனி வெயிலில் தயாரானது. கிழங்கு எடுத்தபின் எஞ்சும் ஊமலும் வீணாவதில்லை. காய்ந்த ஊமலும் பனை மட்டையும் அதே கூழ்ப்பானைக்கு அடுப்பெரிக்கும்.

இனி அந்தத் தண்ணீருக்கு வருவோம். அவிக்காத கிழங்கிலிருந்து இடித்து அரித்த ஒடியல் மாவில் ஒரு காறலும் கசப்பும் உண்டு. விலங்குகள் வந்து தோண்டித் தின்னக்கூடிய உணவுச் சேமிப்பை ஒரு செடி மண்ணுக்குள் வைத்திருக்கும்போது, அதைக் காக்கக் கசப்பான பொருள்களையும் சேர்த்து வைப்பது தாவர உலகில் எங்கும் காணும் வழக்கம். பனையின் கசப்பை ஆராய்ந்த இலங்கை வேதியியலாளர்கள் பனம்பழக் களியில் பிளபெலிபெரின் என்ற சப்போனின் வகைச் சேர்மங்களைப் பிரித்தெடுத்திருக்கிறார்கள். நுரைக்கும் தன்மையும் கசப்பும் கொண்டவை சப்போனின்கள்.

ஒடியல் மாவைப் பொறுத்தவரை கசப்போடு கதை முடியவில்லை. 1970களின் தொடக்கத்தில் பேராதனை மருத்துவ ஆய்வாளர்கள் எலிகளுக்கு ஒடியல் மாவை உணவாகக் கொடுத்துப் பார்த்தபோது அவற்றின் ஈரல் பாதிக்கப்பட்டதைக் கண்டார்கள். பிற்காலத்தில் வேறு ஆய்வாளர்கள் எலிகளில் நரம்புப் பாதிப்பையும் பதிவு செய்தார்கள். இதைப் படித்து யாரும் கூழைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. எலிகள் உண்டது மனிதர் உண்ணும் முறையில் தயாரித்த உணவை அன்று, அவை உண்ட அளவிலும் நாம் உண்பதில்லை. ஆனால் அந்த ஆய்வுகள் ஒன்றைத் தெளிவாக்குகின்றன. பச்சை மாவுக்கும் பானையில் கொதிக்கும் கூழுக்கும் இடையே நம் பாட்டிமார் செய்துவந்த வேலைகள் வெறும் சுவைக்காக நிகழ்ந்தவை என்று எண்ண முடியாது.

"மாவை ஊறப்போட்டு, மேல் தண்ணியை வடிச்சு ஊத்து பிள்ளை" என்று ஆச்சிமார் சொல்வதில் மூன்று பௌதிக உண்மைகள் அடங்கியிருக்கின்றன. ஒன்று, மாச்சத்து குளிர்ந்த நீரில் கரையாது. அது நுண்ணிய மணிகளாக இருக்கிறது. மணிக்குள்ளே சங்கிலிகள் ஒன்றோடொன்று இறுகிப் பிணைந்து கிடப்பதால் நீர் உள்ளே அதிகம் புக முடியாது. இரண்டு, மாச்சத்து நீரைவிடச் சுமார் ஒன்றரை மடங்கு அடர்த்தியானது. எனவே கலக்கிவிட்டு வைத்தால் அடியில் படிந்துவிடும். மூன்று, கசப்புத் தரும் சிறு மூலக்கூறுகளில் பல நீரோடு கலந்து மேலே நிற்கும். சட்டியைச் சரித்தால் வேண்டாதது வழிந்தோடும், வேண்டியது அடியில் தங்கும். ஆய்வுகூடத்தில் வடிகட்டியும் மையநீக்கியும் கொண்டு செய்யும் பிரித்தெடுப்பை ஒரு மண்சட்டியும் ஒரு மணித்தியாலப் பொறுமையும் செய்துவிடுகின்றன.

இதில் நீரின் குளிர்ச்சி மிக முக்கியம். யாராவது அவசரத்தில் கொதிநீரை ஊற்றினால் என்ன ஆகும்? சுமார் 60 முதல் 80 பாகை வெப்பத்தில் மாச்சத்து மணிகளின் இறுக்கம் தளரும். நீர் உள்ளே பாயும், மணிகள் பலமடங்கு உப்பும், சில சங்கிலிகள் வெளியே கசியும். மா பசையாகிவிடும். பசைக்குள் சிக்கிய கசப்பை எந்தச் சட்டியைச் சரித்தாலும் பிரிக்க முடியாது. ஆகவே கழுவுவது முதலில், சூடு பிறகு என்ற வரிசையை மாற்றவே முடியாது. கழுவும்போது கொஞ்சம் சர்க்கரையும் சில உப்புகளும் சேர்ந்து போய்விடுவது உண்மை. அந்த விலையைக் கொடுக்கலாம் என்றே நான் சொல்வேன்.

கடல் கடந்த ஓர் ஒப்பீடு இந்த இடத்தில் பொருந்தும். 17ஆம் நூற்றாண்டில் வட அமெரிக்காவின் கிழக்குக் கரையில் குடியேறிய ஆங்கிலேயருக்குத் தங்கள் கோதுமை சரிவர விளையவில்லை. அங்குள்ள பூர்வகுடிகள் பயிரிட்ட சோளத்தின் மாவைப் பாலிலும் கரும்புப் பாகிலும் கரைத்து, அடுப்பின் தணிந்த சூட்டில் மணிக்கணக்காகச் சுட்டு, குளிர்கால மாலைகளுக்கு ஓர் இனிப்புக் களி செய்தார்கள். நியூ இங்கிலாந்துப் பகுதியில் இன்றும் அதைச் செய்கிறார்கள். நம் கூழும் அந்தக் களியும் உறவுக்காரர்கள்தாம். இரண்டும் விருப்பத் தானியம் கிடைக்காத நிலத்தில், அந்த நிலம் தந்த மாவைக்கொண்டு, குளிருக்கு எதிராகச் செய்தவை.

ஆனால் சோளம் உலகெங்கும் போனபோது ஒரு பெரிய பிழை நேர்ந்தது. மெக்சிக்கோவிலும் மத்திய அமெரிக்காவிலும் சோளத்தைச் சுண்ணாம்பு கலந்த நீரில் அவித்து, ஊறவைத்து, கழுவிய பிறகே அரைப்பார்கள். மூவாயிரம் ஆண்டுகளுக்கும் மேற்பட்ட வழக்கம் அது. சோளத்திலுள்ள நியாசின் என்ற உயிர்ச்சத்து வேறு பொருள்களோடு பிணைந்து கிடக்கிறது, உடம்பால் அதை எடுத்துக்கொள்ள முடியாது. சுண்ணாம்பின் காரத்தன்மை அந்தப் பிணைப்பை அவிழ்க்கிறது. ஐரோப்பியர் சோள விதையைக் கொண்டு போனார்கள், சுண்ணாம்பை விட்டுவிட்டுப் போனார்கள். சோளத்தையே மூன்று வேளையும் உண்ட ஏழைகளுக்குத் தோல் வெடித்தது, வயிறு போனது, மனம் பேதலித்தது, பலர் இறந்தார்கள். பெலாக்ரா என்ற அந்த நோயை 1735இல் ஸ்பெயினில் கஸ்பார் கசால் என்ற மருத்துவர் கண்டு விவரித்தார். வட இத்தாலியிலும் பின்னர் அமெரிக்காவின் தென் மாநிலங்களிலும் அது ஆயிரக்கணக்கானோரை வாட்டியது. கிருமியே காரணம் என்று பலரும் நம்பிய காலத்தில், 1914இல் இந்த ஆய்வில் இறங்கிய ஜோசப் கோல்ட்பேர்கர், அனாதை இல்லப் பிள்ளைகளுக்குப் பாலும் முட்டையும் இறைச்சியும் பருப்பும் கொடுத்து, குறை உணவில்தான் என்று காட்டினார். குறையாக இருந்த பொருள் நியாசின் என்பது 1937இல் கொன்ராட் எல்வெஜெம் என்பவரின் ஆய்வால் உறுதியானது.

அந்தப் பழைய சோளக்களியில் பால் இருந்தது என்பதைக் கவனியுங்கள். பாற்புரதத்தின் ஒரு கூறான திரிப்டோபானிலிருந்து நம் உடம்பே நியாசினை ஆக்கிக்கொள்ளும். சுண்ணாம்பு செய்யாததைப் பால் ஓரளவு ஈடுசெய்தது. பால் வாங்க வழியற்றவர்களே நோயில் விழுந்தார்கள். ஒடியல் மாவிலும் புரதம் குறைவு. அதில் நண்டும் மீனும் இறாலும் சேருவது அந்த இடைவெளியை நிரப்புகிறது. ஆகவே கடலுணவு இல்லாத நாளில் பயறோ வேறு பருப்போ சேர்க்காமல் கூழ் காய்ச்சுவதை நான் விரும்புவதில்லை.

மரவள்ளியின் கதை இன்னும் நெருக்கமானது. 1981இல் மொசாம்பிக்கின் நம்புலா மாகாணத்தில் கடும் வறட்சி. கசப்பு மரவள்ளியை ஊறவைத்து நெடுநாள் காயவைக்கும் வழக்கத்தைப் பசி சுருக்கிவிட்டது. அதனால் சயனைட்டு முழுவதும் நீங்காத மாவை உண்ட ஆயிரத்துக்கும் மேற்பட்டோரின் கால்கள் செயலிழந்தன, அவர்களில் மிகப் பலர் பெண்களும் சிறுவர்களும். அங்கே பணியாற்றிய சுவீடன் மருத்துவர் ஹான்ஸ் ரொஸ்லிங் அந்த நோயை ஆராய்வதில் பல ஆண்டுகளைச் செலவிட்டார். எழுவைதீவின் ஒடியலும் நம்புலாவின் மரவள்ளியும் ஒரே நஞ்சு கொண்டவை அல்ல. மண்ணுக்கடியிலிருந்து எடுக்கும் மா எதுவானாலும் அதனோடு சேர்ந்த செய்முறையைச் சுருக்கக் கூடாது என்பதற்கு அது சாட்சி.

கழுவிய மா தயாரானதும் பானைக்கு வரலாம். இங்கும் வரிசை இருக்கிறது. பலாக்கொட்டை, மரவள்ளி, பயிற்றங்காய், அரிசி ஆகியவை தண்ணீரில் முதலில் வேக வேண்டும். மரவள்ளியைத் தனியே, மூடாத பாத்திரத்தில் அவித்து நீரை வடித்துச் சேர்ப்பது நல்லது. தெளிந்த நீர் கொதிக்கும்போது மேலும் கீழும் சுழன்று எல்லாப் பக்கமும் வெப்பத்தைக் கொண்டுபோகும். மாவை முதலிலேயே ஊற்றினால் நீர் தடித்துச் சுழற்சி நின்றுவிடும். அடி பிடிக்கும், நடுவிலுள்ள பலாக்கொட்டை வேகாது. மீனும் நண்டும் பிந்தியே போக வேண்டியவை, நெடுநேரம் கொதித்தால் இறால் இறுகிவிடும்.

பழப்புளியையும் முன்கூட்டிச் சேர்ப்பதில்லை. காய்களின் உயிரணுக்களை ஒட்டிவைத்திருக்கும் பெக்டின் அமிலத்தில் எளிதில் கரையாது. புளி முதலில் விழுந்தால் பயிற்றங்காயும் கிழங்கும் எவ்வளவு கொதித்தாலும் நறுக்கென்றே இருக்கும். மாவுக்கும் புளி நெடுநேரம் ஆகாது. புளியின் தார்த்தாரிக் அமிலம் சூட்டில் மாச்சத்துச் சங்கிலிகளை மெல்ல வெட்டிக் கூழை நீர்க்கச் செய்துவிடும். அதனால் ஊறிய மா, கரைத்த புளி, அரைத்த செத்தல் மிளகாய் மூன்றையும் கடைசியில் கலந்து ஊற்றுகிறார்கள். அதே புளி இன்னொரு நன்மையும் செய்கிறது. கடல்மீனின் வெடுக்குக்குக் காரணமான திரைமெத்தில் அமைன் காற்றில் பறந்து மூக்கைச் சேரும் பொருள். அமிலத்தோடு சேர்ந்தால் அது உப்பாக மாறி நீரிலேயே தங்கிவிடும். ஒரே கரண்டிப் புளியில் சுவையும் மணமும் சீராகின்றன.

மாக்கரைசலை மெல்லிய தாரையாக ஊற்றி அகப்பையால் விடாமல் துழாவ வேண்டும். உலர்ந்த மா கொதிநீரில் விழுந்தால் கட்டியின் வெளிப்புறம் உடனே பசையாகி, உள்ளே நீர் புகாத உலர்மா அப்படியே நின்றுவிடும். கரைசலாக விழும்போது ஒவ்வொரு மணியும் தனித்தனியே நீரால் சூழப்பட்டு ஒரே சீராக உப்புகிறது. கூழ் தடித்தவுடனே இறக்கிவிட வேண்டாம். தடிப்பதற்கும் முழுவதும் வேகுவதற்கும் இடையே நேரம் இருக்கிறது. நெருப்பைத் தணித்து, பச்சை மணம் அறவே போகும்வரை கொதிக்கவிட வேண்டும். ஊறல் நீரோடு போகாமல் எஞ்சியவற்றுக்கு இந்த நெடுங்கொதிப்பு இரண்டாவது காவல்.

பலாவிலையில் வார்த்ததும் ஊதி ஊதிக் குடிக்க வைப்பது கூழின் தடிப்பு. சுழற்சி இல்லாத தடித்த நீர்மம் மேலே ஆறினாலும் உள்ளே சூட்டை நெடுநேரம் வைத்திருக்கும். மிளகாய் தன் பங்குக்கு இன்னொரு வெப்பத்தைத் தருகிறது. நாக்கிலும் வாயிலும் உள்ள நரம்பு முனைகளில் ஏறத்தாழ 43 பாகைக்கு மேற்பட்ட சூட்டை உணரும் ஒரு புரதம் உண்டு. மிளகாயின் கப்சைசின் அதே புரதத்தைத் திறந்துவிடுவதால் மூளை அதைச் சூடாகவே கொள்கிறது. இதைக் கண்டறிந்த டேவிட் ஜூலியசுக்கு 2021இல் மருத்துவ நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது. நெற்றியில் வேர்வை அரும்பினால் கூழ் சரியாக வந்திருக்கிறது என்று தீவில் கொள்வார்கள். ஆறிய கூழ் களியாக இறுகுவதற்குக் காரணம், கசிந்த மாச்சத்துச் சங்கிலிகள் குளிரில் மீண்டும் ஒன்றோடொன்று பிணைவது. மறுநாள் காலை அதைச் சூடாக்க நீர் சேர்க்க வேண்டியிருப்பதும் இதனால்தான்.

இன்று எழுவைதீவிலிருந்தும் நெடுந்தீவிலிருந்தும் நயினாதீவிலிருந்தும் போனவர்களின் பிள்ளைகள் ரொறன்ரோவிலும் இலண்டனிலும் உண்மையான குளிரில் வாழ்கிறார்கள். 1978இல் அமைந்த பனை அபிவிருத்திச் சபையின் கற்பகம் விற்பனை நிலையங்களில் ஒடியல் மா கிடைக்கிறது, புலம்பெயர்ந்த நாடுகளின் தமிழ்க் கடைகளிலும் பொதியாகக் கிடைக்கிறது. மா கடல் கடந்துவிட்டது. ஊறவைக்கும் வேலையும் அதனோடு போய்ச்சேர்ந்ததா என்பதுதான் என் கவலை. கடையில் வாங்கும் அரிசி மாவையோ கோதுமை மாவையோ யாரும் ஊறவைத்துத் தண்ணீரை ஊற்றுவதில்லை. அந்தப் பழக்கத்தில் வளர்ந்தவர் ஒடியல் மாவையும் நேரே கரைத்துவிடக்கூடும்.

ஆகவே இதைப் படிப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். ஒடியல் மாவை நிறையக் குளிர்ந்த நீரில் கலக்கி, ஒரு மணித்தியாலமாவது அசையாமல் வையுங்கள். மேலே தெளியும் நீரை முழுவதும் ஊற்றிவிடுங்கள். கசப்பு எஞ்சினால் புது நீர் விட்டு மீண்டும் ஒருமுறை செய்யுங்கள். பிறகு நன்றாகக் கொதிக்க வையுங்கள். உங்கள் பிள்ளைகளுக்குக் கூழின் செய்முறையை எழுதிக் கொடுக்கும்போது நண்டின் அளவையும் மிளகாயின் அளவையும் எழுதுவதற்கு முன், இந்த வரிகளை முதலில் எழுதிக் கொடுங்கள்.